ஞாயிற்றுக்கிழமை வைத்தியம்

"இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு கேட்டுடறேன்" என்றாள் புஷ்பலதா.

சொன்னது மகள் பிரியங்காவைப் பார்த்து. காதில் விழவேண்டிய ஆளோ பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்தான். அவள் புருஷன் கஜபதி.

கே.ஜி.கண்டிகையில் டீக்கடையை ஒட்டிய ஒற்றை அறைதான் சித்த வைத்தியர் கங்காதரனின் வைத்தியசாலை. வாசலுக்குத் துணித்திரை, திரைக்கு வெளியே இந்த பெஞ்சு.

"ஒரு மண்டலம்னாரு. நாப்பத்தெட்டு நாளு. முடிஞ்சுது. இன்னொரு மண்டலம்னாரு. அதுவும் முடிஞ்சுது. இப்ப மூணாவது ஓடிக்கினு இருக்குது. வாரக் கடைசியானா நீயும் வயிறு நோவுதுன்ற. இவரு இன்னா வைத்தியரா, கண்டக்டரா, டிக்கெட்டு கிழிச்சுக்கினே இருக்க?"

"ஆங்" என்றான் கஜபதி, டீக்கடை பாய்லரிடம்.

இருவரும் முகம் பார்த்துப் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. எல்லாம் பிரியங்காவின் வயிற்றால் வந்த வினை.

பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு மூன்று வருஷமாகத் தின்றாலும் நோவு, தின்னாவிட்டாலும் நோவு. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, குடல் கொஞ்சம் கோபக்காரக் குடல், அவ்வளவுதான் என்று மாத்திரை கொடுத்தார்கள். கஜபதி மாத்திரைக் கட்சி. புஷ்பலதா, அரக்கோணத்து ஹோமியோபதி சர்க்கரை உருண்டைக் கட்சி. ஒருநாள் அவன் உருண்டைப் பாட்டிலைச் சாக்கடையில் வீச, இவள் மாத்திரை அட்டையை அடுப்பில் போட்டாள். அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு அரக்கோணத்தில் அக்கா வீட்டுக்குப் போனவள்தான். அவன் ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் சத்தத்தோடு தனியாக இருந்தான்.

கங்காதரன் இரண்டு கட்சியையும் கலைத்தார். பெத்தவங்க ரெண்டு பேரும் வாராவாரம் சேர்ந்து வந்து பத்தியத்தைக் கேட்டுக்கணும், ஒருத்தர் வந்தா மருந்து கெடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே ஞாயிறு தவறாமல் இவர்கள் ரயிலில் வர, அவன் பஸ்ஸில் வர, திருத்தணி பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று பேரும் ஒரே டவுன் பஸ்.

இந்த வைத்தியங்களால் பிரியங்காவுக்கு ஒரு லாபம் உண்டு. போன இடத்துக் குரலையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து அப்படியே பேசிக் காட்டுவாள். ஹோமியோபதி டாக்டர் மூக்கால் கேட்பார், "கனவுல தண்ணி வருதா, பாம்பு வருதா?" பெரிய டாக்டர் நிமிராமலே சொல்வார், "நெக்ஸ்ட்." கண்டக்டர் மாதிரி பேசினால் பக்கத்து சீட்டுக்காரர் சில்லறை எடுத்து நீட்டுவார்.

"பாப்பா மட்டும் வரட்டும், நாடி பாக்கணும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பிரியங்கா திரையை விலக்கிக்கொண்டு போனாள்.

புஷ்பலதா டிபன் டப்பாவைப் பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்த்தினாள். "கொழந்தைக்கு வெச்ச கஞ்சி. மிஞ்சிப் போச்சு."

வாராவாரம் சரியாக ஓர் ஆள் சாப்பாடு மிஞ்சும்.

உப்பு கம்மி, காரம் கிடையாது. கஜபதி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான். டீக்கடைக் குழாயில் டப்பாவைக் கழுவி, துடைத்து, அவள் பக்கம் வைத்தான். கை காய்த்துப் போயிருந்தது. இளைத்தும் போயிருந்தான். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"இனிமே வர்றதா இல்ல. போயி சொல்லிட்டு வந்துடறேன்" என்று எழுந்தாள்.

"உன் இஷ்டம்" என்றான் பாய்லரிடம். சொல்லிவிட்டு ஏனோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

திரையில் கை வைத்தவள் நின்றுவிட்டாள். உள்ளே அவளே பேசிக்கொண்டிருந்தாள்.

"கஞ்சி மிஞ்சிப் போச்சு."

அடுத்து கஜபதியின் குரல். "ஆங்."

கங்காதரன் சிரிப்பது கேட்டது.

"வாரத்துக்கு இவ்ளோதான் மாமா பேசிக்கறாங்க" என்றாள் பிரியங்கா. "ஆனா பஸ்ல, வாந்தி வர்றாப்பல இருக்குதுன்னு ஜன்னல நான் புடிச்சுக்குவேன். அவங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான ஆவணும்."

"அது சரி, வயிறு நோவுதா இப்ப? நெஜத்த சொல்லு."

இப்போது வந்த குரல் யாருடையதைப் போலவும் இல்லை. ஒன்பது வயசில் நோவு வருவதற்கு முன்னால் பிரியங்கா பேசிய குரல்.

"அது நின்னு ஒரு மாசத்துக்கு மேல ஆவுது மாமா. நோவுதுன்னே எழுதிக்கோங்களேன். இன்னும் கொஞ்ச நாளு."

"எனக்குத் தெரியும் பாப்பா, நாடி சொல்லிடுச்சு. ரெண்டு வாரமா வெறும் சீரகப்பொடிதான் குடுத்துக்கினு இருக்கேன். நல்ல வயித்துக்கு வைத்தியம் பண்ணக்கூடாது. இன்னியோட முடிச்சுக்கலாம். அம்மா, நைனா கிட்ட நீயே சொல்லிடு."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

மூன்று வருஷமாகத் தணிகை மலை கண்ணில் பட்டபோதெல்லாம் புஷ்பலதா கேட்ட வரம், திரைக்கு அந்தப் பக்கம் நல்லபடியாக உட்கார்ந்திருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. கண் நிறைந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்ததும் கஜபதி எழுந்துவிட்டான். ஒன்றரை வருஷத்துக்கப்புறம் பாய்லரை விட்டுவிட்டு நேராக அவளைக் கேட்டான்.

"இன்னா புஷ்பா, இன்னா சொன்னாரு?"

"இன்னும் சரியாவலையாம்" என்றாள். "அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரணுமாம். ரெண்டு பேரும்."