கோபுரம் ஏறிய பல்லி

ஒரு மலை, மலைக்குக் கீழே ஒரு கோயில், கோயில் மதிலில் ஒரு பல்லி. கார்த்திகையன்று மலையுச்சியில் தீபம் ஏற்றுவதை அது ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மதிலிலிருந்து பார்த்தால் புளியமரம் மறைக்கும். கோபுரத்து உச்சிக்குப் போனால்தான் தெரியும்.

"இந்த வருஷம் பார்த்தே தீரணும். தினம் கொஞ்சம் ஏறிப் பழகிக்கிறேன்" என்று புளியமரத்து அணிலிடம் சொல்லி வைத்தது.

திருவிழா தொடங்கியது. மதில் நெடுக அகல்விளக்குகள், விளக்கைச் சுற்றி ஈசல்கள். வாயைத் திறந்தால் தானாக வந்து விழுந்தன.

"நல்ல நாளும் அதுவுமா எவனாவது வாயைக் கட்டுவானா? நாளைக்கு ஏறிக்கலாம்" என்றது பல்லி. மறுநாளும் அதையேதான் சொன்னது.

தீபத்தன்று சாயங்காலம் அணில் எட்டிப் பார்த்தது. "என்ன மாப்பிள்ளை, பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருக்கே? கிளம்பலையா?"

பல்லிக்குச் சுருக்கென்றது. கிளம்பிவிட்டது. கோபுரத்தின் முதல் நிலையிலேயே வயிறு கல்லில் இழுபட்டது. இரண்டாம் நிலையில் பிடி நழுவி, ஒரு பொம்மையின் தோளில் தொப்பென்று விழுந்தது. அங்கேயும் ஒரு விளக்கு, அதைச் சுற்றி ஈசல்கள். பல்லி வாயை இறுக மூடிக்கொண்டு மேலே ஊர்ந்தது.

மூச்சு வாங்க உச்சியைத் தொட்டபோது, இருண்ட மலையின் தலையில் தீ எழுந்தது. மலையே கண் திறந்து பார்ப்பது போலிருந்தது. கீழே ஜனங்கள் எழுப்பிய அரோகரா சத்தம்கூடப் பல்லியின் காதில் விழவில்லை.

அந்த நேரம் பார்த்து ஓர் ஈசல் அதன் மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகுதான் அது யார் மூக்கு என்று தெரிந்தது.

"அண்ணே, என்னைத் தின்னப் போறீங்களா?" என்று நடுங்கியது.

"கொஞ்சம் நகர்ந்து உட்காரு" என்றது பல்லி. "மறைக்குது."