ஏறியவர்

மூன்று தட்டினாள்.

கடப்பாரை இரும்பு மூடியில் பட்ட சத்தம் கீழே இறங்கி, குழாய் வழியே எங்கோ போய் ஓய்ந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு, அடியிலிருந்து, இரண்டு.

அவள் முத்திருளனைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேகம் தாழ்ந்து கிடந்தது. பிற்பகல் மூன்று மணி.

பேரூராட்சி போன மாதத்தோடு இல்லை. மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். இனி மழைநீர் வடிகாலுக்கு அனுமதி கொடுப்பதும் ஆய்வு செய்வதும் மாநகராட்சி. அதாவது அவள். உதவிப் பொறியாளர், இந்தப் பகுதியில் முதல் நாள். பேரூராட்சி விட்டுப்போனது இருபத்தாறு வடிகால் குழிகள், ஒரு பதிவேடு, நான்கு தொழிலாளர்கள். நால்வரில் மூத்தவர் முத்திருளன்.

தட்டும் வழக்கத்தை அவர்தான் காலையில் சொன்னார். மூடியைப் போட்டதும் மேலே நிற்பவன் மூன்று தட்ட வேண்டும். உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று அர்த்தம். ஆள் இருந்தால் இரண்டு தட்டுவான். இருக்கிறேன். குழாய்க்குள் கூப்பிட்டால் கேட்காது, இரும்பு கேட்கும்.

மாநகராட்சியில் ஆளை இறக்கவே கூடாது. அதனால் சிரித்துக்கொண்டுதான் கடப்பாரையை வாங்கினாள். பதினாறு குழிகள் பதில் சொல்லவில்லை.

இது பதினேழு.

நால்வரும் மேலேதான் நின்றார்கள். எண்ணினாள். இன்னொரு முறை எண்ணினாள்.

மூடியை நெம்பச் சொன்னாள். டார்ச் அடித்தாள். இடுப்பளவு வண்டல், காய்ந்து வெடித்திருந்தது. உடைந்த பிளாஸ்டிக் குடம் ஒன்று. வண்டலின் மேல் காலடி இல்லை. எலியின் தடம்கூட இல்லை.

மூடினார்கள். தட்டினாள்.

இரண்டு.

இருபதடி தள்ளி கலவை லாரி சுற்றிக்கொண்டே நின்றது. புதுச் சாலை. பக்கத்தில் புதுக் குழி கட்டியாகிவிட்டது. ஆய்வு முடிந்தது என்று அவள் போட்டால் அனுமதி எண் வரும். வந்ததும் பதினேழின் மேல் கான்கிரீட் விழும். அதன்பின் இதை யாரும் திறக்கப்போவதில்லை.

டிரைவர் தலையை நீட்டினான்.

"மேடம், உள்ள இருக்கவங்ககிட்ட பேசி முடிச்சா சொல்லுங்க. கலவை கல்லாயிரும்."

யாரும் சிரிக்கவில்லை.

பதிவேட்டைப் புரட்டினாள். நாள், குழி, இறங்கியவர், ஏறியவர். எல்லாம் முத்திருளனின் உருண்டைக் கையெழுத்து. நாலு, நாலு. மூணு, மூணு. நாலு, நாலு.

ஏழு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் ஒரு வரி. குழி 17. இறங்கியவர் 4.

ஏறியவர் கட்டத்தில் ஒன்றும் இல்லை.

அதற்கடியில் செயல் அலுவலரின் பச்சை மை. வெள்ளைமலை என்ற தொழிலாளி அன்று முதல் பணிக்கு வரவில்லை, சொல்லாமல் ஓடிவிட்டார்.

அவள் கேட்கவில்லை. முத்திருளனே ஆரம்பித்தார்.

"அன்னைக்கும் ரெண்டு தட்டு கேட்டுச்சும்மா. மழை புடிச்சிருச்சு. பதினெட்டுல காண்ட்ராக்ட் ஆளுக எறங்கியிருந்தாங்க. அவங்க தட்டுறாங்கன்னு நெனச்சேன்."

கடப்பாரையைக் காலால் லேசாக நகர்த்தினார்.

"விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

மீதியை மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தார். சாயங்காலம் வெள்ளைமலையின் சைக்கிள் இங்கேயே நின்றிருக்கிறது. மழை விட்டுத் திறந்தபோது குழியில் வண்டல்தான். தோண்ட வேண்டும் என்றார்கள். செயல் அலுவலர் விடவில்லை. பதிவேட்டில் நான்கு என்று எழுத முத்திருளனுக்குக் கை வரவில்லை. மூன்று என்று எழுதத் துணிச்சல் இல்லை. அதற்குப் பிறகு பதினேழின் முறை வரும்போதெல்லாம் யாரையும் இறக்காமல், தட்டாமலே மூடியிருக்கிறார்.

நினைத்திருந்தால் அந்த வழக்கத்தைக் காலையில் அவர் தன்னிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கையிலிருந்த டேப்லெட்டைத் திறந்தாள். மாநகராட்சிப் படிவத்தில் இறங்கியவர் இல்லை, ஏறியவர் இல்லை. உள்ளே உள்ள நபர்கள் என்று ஒரே கட்டம். பூஜ்ஜியம் போட்டால் அனுமதி எண். வேறெது போட்டாலும் வேலை நிற்கும். தோண்டியாக வேண்டும். முதல் நாளிலேயே மேலிடத்துக்கு அவள் பதில் சொல்ல வேண்டும். கையில் இருப்பது ஒரு காலிக் கட்டமும் காதில் விழுந்த ஒரு சத்தமும்.

கட்டைவிரல் பூஜ்ஜியத்தின் மேல் நின்றது.

1.

திரை சிவந்தது. பெயர் என்று கேட்டது.

அவள் டேப்பை முத்திருளனிடம் நீட்டினாள். அவர் விரலைச் சட்டையில் துடைத்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். வெ. ள். ளை. ஒன்று தப்பாக விழுந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார்.

லாரியைப் போகச் சொல்லிக் கைகாட்டினாள். அது முனகிக்கொண்டே பின்னால் நகர்ந்தது. தெருமுனை தாண்டியது. சத்தம் அடங்கியது.

அப்போது கேட்டது.

இந்த முறை யாரும் மேலிருந்து தட்டியிருக்கவில்லை.

அடியிலிருந்து, மூன்று.

நிதானமான மூன்று. பிறகு, பதிலுக்குக் காத்திருப்பது போன்ற அமைதி.

மற்ற மூவரும் பின்னால் நகர்ந்தார்கள். முத்திருளன் டேப்பை அவளிடம் கொடுத்தார். கடப்பாரையை எடுத்தார். மூடியருகே குந்தினார்.

இரண்டு தட்டினார்.