ஒரே தூரில் இரண்டு ஓலை

மேகமலைக் காட்டில் பனிமூட்டம் குடிசை வாசல்வரை வந்து நின்றது. செடிகளை ஆராயும் வெள்ளைக்காரத் துரைக்கு அவற்றை வகை பிரித்துக் கொடுக்கும் பிச்சைமணி, கோம்பையிலிருந்து வந்த மைத்துனன் கர்ணனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"தங்கச்சியக் கூப்பிட எப்ப வருவீக மாப்ளே?"

"பிள்ளைக்கு என் சாடை துளிகூட இல்லையே மச்சான். எப்படி வர?"

கர்ணன் பேச்சை மாற்றி, இரண்டு ஓலைகளை நீட்டினான்.

"வார வழியில மர நெழலுக்குள்ள நின்ன குட்டைப் பாக்குமரத்து ஓலை. ஒண்ணு மீன்வாலு மாதிரி, ஒண்ணு சீப்பு மாதிரி. புது வகைன்னா துரை உங்க பேரையே வைப்பாகல்ல?"

பிச்சைமணி அவற்றை வாங்கி மடியில் வைத்துப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"ரெண்டும் காட்டுக்கமுகுதான். ஒரே தூர்லயே ரெண்டும் நிக்கும். பிஞ்சுல ஓலை பிரியாது, வளந்தாத்தான் சீப்பாகும். ஓலைய மட்டும் பாத்து வேற வித்துன்னு சொல்றவன் கிறுக்கன்."

கர்ணன் வாசல் பக்கம் திரும்பினான்.

"ஆத்தா சந்தனம், உள்ள வா. மாப்ளையே சொல்லிட்டாக!"

இவ்வளவு நேரமும் பனிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்த சந்தனம்மாள் உள்ளே வந்தாள். கையிலிருந்த பிள்ளையைக் கணவன் மடியில், அந்த ஓலைகளின் மேலேயே கிடத்தினாள்.

பிச்சைமணி பிள்ளையின் நெற்றியில் இருந்த பனித்துளியைத் துடைத்தான்.

"பிஞ்சுதானே," என்றாள் அவள். "வளரட்டும்."