நாக்குக்கு அடியில்

சிகிச்சை அறையில் ஜன்னலோர பெஞ்சில் ரூபன் வாயை இறுக மூடி உட்கார்ந்திருந்தான். நாக்குக்கு அடியில் மாத்திரை கரைந்துகொண்டிருந்தது. வலி மாத்திரைப் பழக்கத்தை விட வந்தவர்களுக்கு உடல் முறுக்கை அடக்கத் தரும் மருந்து அது. அதைச் சிஸ்டர் ஜெனிபாவின் கண்ணெதிரே கரைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். அதுவரை பேசக்கூடாது, விழுங்கவும் கூடாது. சிஸ்டர் அடுத்த ஆளுக்கு பிரஷர் பார்க்கத் திரும்பினார்.

ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை நுழைந்தது. அதில் தண்ணீர் பாட்டிலின் மூடி. கைக்குப் பின்னால் மரியதாஸ். மூக்கு ஒழுகியது, தாடை வெடவெடத்தது.

"இதுல துப்புலே மக்கா. உடம்பெல்லாம் முறுக்குது, செத்துருவேன்."

விசைப்படகில் கயிறு சுற்றி ரூபனின் கால் நொறுங்கியபோது, தன் வலி மாத்திரையைக் கடித்துப் பாதியை அவன் வாயில் போட்டவன் மரியதாஸ்தான். அன்று வலி அடங்கியது. பழக்கம் தொடங்கியதும் அன்றுதான்.

மூடி உதட்டருகே வந்தது. ரூபனின் வாயெல்லாம் கசப்பு ஊறியது. உதடு கொஞ்சம் பிரிந்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மரியதாஸின் முகத்தையே பார்த்தான்.

"நன்றி கெட்ட நாயே," என்றான் மரியதாஸ்.

"நாக்கத் தூக்குங்க." சிஸ்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். எதுவும் மிச்சமில்லை.

"சிஸ்டர், வெளிய என் கூட்டாளி நிக்கான்," என்றான் ரூபன், எச்சில் வழிய. "அவனுக்கும் இங்க பாப்பியளா?"

சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். முகத்தைக் காணோம். மூடி தரையில் உருண்டது. கம்பியைப் பற்றியிருந்த விரல்கள் மட்டும் இன்னும் விடவில்லை.