இரண்டு குமாரசாமி

இரும்புப் படியில் செருப்பு ஏறி வரும் சத்தம் முதலில் கேட்டது. அவசரமில்லாத சத்தம். சண்டைக்கு வருகிறவர்கள் இப்படித்தான் நிதானமாக ஏறுவார்கள் என்று ஜெயப்பிரியாவுக்குத் தோன்றியது. கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேர்ல வாரேன்னு சொல்லிப்போட்டு போனைக் கட் பண்ணினாரு. வந்துட்டாரு பாரு" என்றார் முதலாளி சிவபிரகாஷ். "நீ பண்ணி வெச்சதுக்கு நீயே பதில் சொல்லு. அவரு வேற கம்பெனிக்குப் போனாருன்னா, நீயும் கூடவே போயிக்கலாம்."

அவள் பண்ணி வைத்தது இதுதான்.

நாமக்கல்லில் அவள் வேலை பார்க்கும் கோழித்தீவனக் கம்பெனிக்கு, வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்ளப் புதிதாக சி.ஆர்.எம். சாஃப்ட்வேர் வாங்கியிருந்தார்கள். பண்ணைக்காரர்கள் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாவற்றையும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு மாற்றும் வேலை அவளுக்கு. ஒவ்வொரு பெயருக்கும் கீழே பழைய ஆட்கள் எழுதி வைத்த குறிப்புகள் கிடந்தன. அதையும் ஏற்றட்டுமா என்று கேட்டாள். குப்பையெல்லாம் எதுக்கு, பேரும் நம்பரும் போதும் என்று சொன்னவர் சிவபிரகாஷ்தான்.

ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் சாஃப்ட்வேரே கண்டுபிடித்து, 'இருவரும் ஒருவரா? சேர்க்கலாமா?' என்று கேட்கும்.

குமாரசாமி, ஆத்துக்காடு, மோகனூர். குமாரசாமி, ஆத்துக்காடு, மோகனூர்.

கேட்டது. சேர்த்துவிட்டாள்.

மூத்த பையனுக்குத் தாத்தா பெயரை வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். அண்ணன் மகனும் குமாரசாமி, தம்பி மகனும் குமாரசாமி. ஒருவருக்கு மேற்குப் பண்ணை, இன்னொருவருக்குக் கிழக்குப் பண்ணை. நடுவில் ஒரு வண்டித்தடம். அது யாருக்கு என்று கோர்ட்டில் கேஸ். தடத்தில் முள்வேலி. வருஷக்கணக்கில் நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. ஒருத்தர் லோடை இன்னொருத்தர் வாசலில் நிறுத்தவே கூடாது என்று அந்தக் குப்பையில்தான் எழுதியிருந்தது.

நேற்று இரண்டு பேர் தீவனத்தையும் டிரைவர் மேற்குப் பண்ணையிலேயே இறக்கிவிட்டான். விடிந்ததும் கிழக்குக் குமாரசாமி போன் செய்தார், கோழிக்கு வைக்க ஒரு கைப்பிடி தீவனம் இல்லை என்று. ஒரு நாள் பட்டினி போட்டால் ஒரு வாரத்துக்கு முட்டை விழாது. இப்போது மேற்குக் குமாரசாமி படியேறி வருகிறார்.

வந்தவர் சட்டையெல்லாம் தீவனத் தூசி. நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சிவபிரகாஷ் எழுந்து நின்று முந்திக்கொண்டார். பொண்ணு புதுசு, தெரியாமல் செய்துவிட்டது, மத்தியானம் லாரி வந்து அவங்க மூட்டையை எடுத்துக்கும், நீங்கள் யார் முகத்திலும் முழிக்க வேண்டியதில்லை என்றார்.

"லாரி எதுக்குங்க? கொண்டுபோயி எறக்கியாச்சு."

"யாருங்க எறக்கினது?"

"நான்தானுங்க."

சொல்லிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தீவனம் வைக்கிற நேரம் தப்பினால் கோழிகள் மொத்தமாகச் சத்தம் போடும். காலையில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். டீத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாராம்.

"கேஸு எங்களுக்குள்ள. கோழி என்னங்க பண்ணும்? முள்ளைத் தள்ளிப்போட்டு, தள்ளுவண்டியில ஏத்தி உட்டேன். அவன் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னான். அப்பறம் வந்து மூட்டைக்கு அந்தப் பக்கம் புடிச்சான்."

"பேசினீங்களா?" ஜெயப்பிரியா தன்னை அறியாமல் கேட்டுவிட்டாள்.

"எங்க சாமி பேசறது? 'இடுப்பப் பாத்து'ன்னான். அதோட சரி."

எழுந்தார். வாசல் வரை போனவர் நின்றார். அவளைப் பார்க்காமல், அவள் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்.

"அதைச் சொல்லத்தான் வந்தேன். அவசரப்பட்டு சரி பண்ணிப்போடாதீங்க. அடுத்த லோடும் இப்பிடியே தப்பா எறக்கிருங்க."

செருப்புச் சத்தம் கீழே இறங்கி ஓய்ந்ததும் சிவபிரகாஷ் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. வேலையை விட்டு அனுப்புவதாகச் சொன்னது அவருக்கே மறந்துவிட்டது. வருகிற பண்ணையாளர் கூட்டத்தில் இதை மேடையில் சொல்லப் போவதாகச் சொன்னார்.

"ஒரே தாத்தன் பேரு. ஒரே ஆத்துத் தண்ணி. 'இடுப்பப் பாத்து'ன்னு ஒரு வார்த்தை சொல்ல ஒரு சாஃப்ட்வேர் வரோணுமாக்கும். வெத்து வீம்பும்மா. சொந்தத்தோட அருமை தெரியாத சனம்."

போனை எடுத்து, சொந்தபந்தம் பற்றி ஸ்டேட்டஸ் போட டைப் செய்யத் தொடங்கினார்.

ஜெயப்பிரியா மூச்சை விட்டு, கீபோர்டை இழுத்தாள். திரையில் அதே கேள்வி, வேறு பெயர்களோடு. இனிமேல் கேட்காமல் எதையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்ததால் சத்தமாகவே படித்தாள்.

"மாரக்காள் கோழிப்பண்ணை, சிவபிரகாஷ். மாரக்காள் கோழிப்பண்ணை, இளவழகன். ரெண்டும் ஒரே விலாசமுங்க சார். சேத்தலாமான்னு கேக்குது."

படித்த பிறகுதான் உறைத்தது. மாரக்காள் முதலாளியின் அம்மா. இளவழகன் அவருடைய உடன்பிறந்த தம்பி. சொத்துப் பாகம் பிரிந்ததிலிருந்து இந்த ஆபீஸ் படியை மிதித்ததில்லை.

டைப் செய்துகொண்டிருந்த விரல் நின்றது. சிவபிரகாஷ் தலையை நிமிர்த்தவில்லை.

"அதுல ரெண்டாவதை அழிச்சிரும்மா" என்றார்.

திரையின் ஓரத்தில் 'பிறகு' என்று ஒரு பொத்தான் இருந்தது. ஜெயப்பிரியா அதை அழுத்திவிட்டு, அடுத்த பெயரைத் திறந்தாள்.