தண்ணீர் ஒட்டாத கண்ணாடி

"போனைப் பாத்துகினே வண்டிய ஓட்டியிருக்குது சார் அந்தப் பொண்ணு. அப்டியே எழுதுங்க!" வெங்கடேசன் மேசையில் ஓங்கி அடித்த அடியில் எஸ்.ஐ. கேசவனின் டீ தளும்பிச் சிந்தியது.

எஸ்.ஐ. கோபித்துக்கொள்ளவில்லை. நேற்று சாயங்காலம் சதுரங்கப்பட்டினம் திருப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ரோட்டைக் கடந்த ரேணுகாவின் மேல் கார் மோதிவிட்டது. மனைவியைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, கண்ணுக்குக் கீழே வீங்கிப்போய் வந்து நிற்கிற மனுஷனிடம் என்னத்தைக் கோபிப்பது?

ரேணுகாவின் வலது கால் தேறுமா என்பதை இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தையல் மெஷினை மிதிக்கிற கால். பத்து வருஷமாக ஊரில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்த கால்.

காரை ஓட்டிய ஹரிப்ரியா எதிர் பெஞ்சில் துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, புதுப்பட்டினத்தில் வீடு, லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம். அடிபட்டவளைத் தன் காரிலேயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவளும் அவள்தான். அதெல்லாம் வெங்கடேசன் கண்ணில் இன்றைக்குப் படுவதாக இல்லை.

"மெதுவாத்தான் சார் வந்தேன். திடீர்னு மழை. கண்ணாடி பூரா தண்ணி, எதிர்ல ஒண்ணுமே தெரியல." நேற்றிலிருந்து அவள் சொன்னது இவ்வளவுதான். அதற்குமேல் கேட்டால் அழுகை முந்திக்கொண்டது.

இதைக் கேட்டதும் வெங்கடேசனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அப்படி ஒரு ஆத்திரம். "கண்ணாடி பூரா தண்ணியா? யாராண்ட கத வுட்ற? சார், அது என் கையால கோட்டிங் போட்ட கண்ணாடி!"

எஸ்.ஐ. நிமிர்ந்தார். "இந்த வண்டிக்கா? எப்போ?"

"நேத்துதான் சார். செராமிக் பூச்சு. தண்ணி பட்டா அப்டியே முத்து முத்தா உருண்டு ஓடிடும், நிக்கவே நிக்காது. அந்தக் கண்ணாடில ஒண்ணும் தெரியலன்னு சொன்னா சின்னப் புள்ளகூட நம்பாது."

அவன் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த இரண்டாயிரத்து ஒன்பதில், மாமல்லபுரம் பக்கத்தில் மற்றவர்களுக்கெல்லாம் கருப்பு ஃபிலிம் ஒட்டத்தான் தெரியும். வெங்கடேசன் சென்னைக்குப் போய் ஆறு மாதம் இருந்து இந்த வேலையைக் கற்றுக்கொண்டு வந்தவன். உப்புக்காற்றில் மங்கிய கண்ணாடியைத் தேய்த்துத் துடைத்து, விரல் ரேகைகூட விழாமல் பூச்சுப் போட்டு, ஒரு ராத்திரி முழுக்க ஷெட்டிலேயே காயவிட்டுத்தான் வண்டியை வெளியே விடுவான்.

நேற்று மட்டும் அடுத்த வண்டி வாசலில் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஷெட்டில் இருப்பதோ ஒரு வண்டிக்கான இடம். மே மாதம், வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. நாலு மணிக்கே ஹரிப்ரியாவிடம் சாவியைக் கொடுத்து, எல்லோரிடமும் ஒப்பிக்கிற பாடத்தை அவளிடமும் கடகடவென்று ஒப்பித்து அனுப்பிவிட்டான். அவள் ஒன்றுவிடாமல் குட்டி டைரியில் எழுதிக்கொண்டதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்புகூட வந்தது.

ஆறு மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டு, பத்தே நிமிஷத்தில் ஓய்ந்தது.

"எழுதுங்க சார். கண்ணாடி மேல ஒரு குத்தமும் இல்ல, அதுக்கு நான் பொறுப்பு. கவனத்த வேற எங்கியோ வெச்சுகினு வந்து மோதிட்டா. கேஸ் போடுங்க."

எஸ்.ஐ. குரலைத் தாழ்த்தினார். "வெங்கடேசா, யோசிச்சு சொல்லு. வண்டிக்கு வேலை செஞ்சவனே இப்படி எழுதிக் குடுத்தா, இந்தப் பொண்ணு தப்பிக்கவே முடியாது. பாக்குற வேலையும் போயிடும்."

"போவட்டும் சார்! என் பொண்டாட்டிக்குக் கால் போச்சுன்னா யாரு வந்து குடுப்பாங்க? 'மறுபடி மெஷின் மிதிக்க முடியுமா'ன்னு ராத்திரி பூரா இதையே கேட்டுகினு கீறா. நான் இன்னா சார் பதில் சொல்லுவேன்?"

எஸ்.ஐ. அவன் சொன்னதை அப்படியே எழுதிப் படித்துக் காட்டினார். வெங்கடேசன் பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டான். ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் இனி அவள் தப்ப முடியாது என்பதில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

காகிதத்தை ஃபைலில் வைத்துவிட்டு எஸ்.ஐ. பெஞ்சின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எனக்கு ஒண்ணுதான் புரியல. எதிர்ல தெரியாத அளவுக்குத் தண்ணின்னு சொல்ற. வைப்பரைப் போட வேண்டியதுதானே? அதுகூடவா தோணல?"

ஹரிப்ரியா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். எஸ்.ஐ.யைப் பார்க்கவில்லை, வெங்கடேசனைத்தான் பார்த்தாள்.

"ஒரு நாள் முழுக்க வைப்பரைத் தொடவே தொடாதீங்க, காயாத பூச்சு உரிஞ்சு போயிடும்னு நீங்கதானேண்ணா சொன்னீங்க?"