இடுப்பில் கை

கோர்ட்டுக் கூண்டில் வெள்ளையடிக்கும் தொழிலாளி ஒருவர் நிற்கிறார். நோயில் உடம்பு பாதியாகி, பெல்ட்டும் அறுந்து, பேருந்து நிறுத்தத்தில் கால்சட்டை நழுவிவிட்டது. பொது இடத்தில் ஆபாசம் என்று வழக்கு, மூன்று மாதம் வரை சிறை. அறுந்த பெல்ட் சான்றுப்பொருளாகி மேசைமேல் சுகமாகச் சுருண்டு படுத்திருக்கிறது. ஒரு கயிறு கேட்டதற்கு, தூக்குப் போட்டுக்கொள்வாய் என்று காவலர் தரவில்லை. ஆகவே இரண்டு கையாலும் கால்சட்டையை இடுப்போடு பிடித்திருக்கிறார். சன்னல் வெயில் அவர் முழங்கால்வரை ஏறி, அதற்குமேல் கூச்சப்பட்டு நிற்கிறது. “கோர்ட்டுல இடுப்புல கை வச்சுக்கிட்டா நிப்ப? என்னய்யா திமிரு! எடு கையை” என்கிறார் நீதிபதி. “ஐயா, எடுத்தா...” “எடுன்னா எடு!” பின்வரிசையில் தொழிலாளியின் மனைவி, “போச்சு, இன்னொரு கேசு” என்று முனகிக் கண்ணைப் பொத்திக்கொள்கிறாள். அவர் ஒவ்வொரு விரலாக விடுகிறார்.